ஒத்து எங்கேயும் போகாது

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். விழுப்புரத்தில், புதுப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் அலுவலகம். தனியார் பேருந்து நடத்துநர்கள் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்களே, அந்த மெஷினுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறோம். மேலாளர் என்ன உளறினாலும் “ஆமாம் சார்” என்று தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “சும்மா ஒத்து ஊதாதீங்க” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன்.

நாயனக்காரரைக் கட்டிக்கொண்டவள் வாயிலிருந்து அந்தச் சொல் வரலாமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எல்லாரும் சொல்வதுதானே. நாயனத்துக்கு, அதாவது நாதஸ்வரத்துக்கு, பக்கத்தில் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நீளக் குழலுக்கு ஒத்து என்று பெயர். அடுத்தவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவருக்கு ஒத்து ஊதுகிறவர் என்று பெயர். என் கணவரின் செட்டில் ஒத்துக்கென்று ஆள் கிடையாது, சுருதிப்பெட்டிதான். அதனால் குழலைத் தெரியாமலே பழிச்சொல்லை மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். அந்த அறியாமைக்கு நான் பன்னிரண்டு நாள் விலை கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திண்டிவனத்தில். என் கணவர் வாசிக்கிறார் என்றால் ஒலக்கூரிலிருந்து மயிலம் வரைக்கும் கல்யாணத் தேதியை அவருக்காகத் தள்ளி வைத்தவர்கள் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

ஒரு ஆடி மாதம், கல்யாணம் இல்லாத ஓய்வு நாட்களில், காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தவர் என்னைக் கூப்பிட்டார். “ஏய், தண்ணி இந்தப் பக்கமா ஒழுவுது பாரு” என்றார். பார்த்தேன். முகத்தின் இடது பாதி அசையவில்லை. கண் மூடவில்லை, உதடு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். மூளையில் ஒன்றும் இல்லை, முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது, முகவாதம் என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார், பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும் என்றார்.

இவருக்குக் கொஞ்சம் தங்கிவிட்டது. ஐப்பசிக்குள் கண் மூடியது, பேச்சு தெளிந்தது, சோறு சிந்தாமல் சாப்பிட்டார். வேறு யாராக இருந்தாலும் குணமாகிவிட்டது என்று கோயிலில் தேங்காய் உடைத்திருப்பார்கள். ஆனால் நாயனத்தின் வாயில் செருகியிருக்கும் சீவாளி இருக்கிறதே, அந்த நாணல் துண்டை இரண்டு உதடும் ஒன்றுபோல் கவ்வினால்தான் சுரம். இடது ஓரம் கவ்வவில்லை. ஊதினால் ‘புஸ்’ என்று காற்று போனது. ஒரு வாரம் முயன்றுவிட்டு, ஒரு நாள் மத்தியானம் நாயனத்தை உறையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய அக்கா மகளுக்கு மயிலம் மலையில் தை மாதக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண்ணுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைத்தார்கள். அது கத்திய கத்தலில் இவர் பதறிப்போய், “அழாதடா, உன் கல்யாணத்துக்கு மாமனே வந்து கெட்டிமேளம் வாசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டாராம். அதை அவள் மறக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில், கல்லூரியில் எல்லாம் தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது போனில், இவர் மனம் கஷ்டப்படக் கூடாதே என்று, “மாமா, உன்னால முடியலன்னா பரவால்ல. வேற யாரையும் கூப்பிட வேணாம், செல்லுல போட்டுக்கலாம்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். இவர் போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். வந்தவள் ஒரு முடிவோடு வந்தேன். அந்தக் கல்யாணத்தில் இவர் வாசிப்பார், எப்படி என்பது என் பாடு.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போக பேருந்தில் ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மடிக்கணினி மடியில். ஒலிக்கென்றே சில நிரல்மொழிகள் இருக்கின்றன, இலவசம். அதில் ஒன்றை இறக்கிக்கொண்டேன். நான்கு வரி எழுதினால் சத்தம் வரும், நாற்பது வரி எழுதினால் நல்ல சத்தம் வரும். டிக்கெட் மெஷினின் ‘பீப்’ சத்தத்தை எழுதியவள் நான்தான், அதனால் பயமே இல்லை. நாயனத்தின் குரலை எழுதிவிட்டால், விசைப்பலகையிலோ எதிலோ அவர் விரலால் வாசிக்கலாம், உதடு வேண்டாம். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அந்த மொழியில் எல்லாச் சத்தமும் ஆசிலேட்டரிலிருந்து தொடங்குகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரே வடிவத்தை நொடிக்கு இத்தனை முறை என்று திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி விழும் அலை ஒன்றை ஓடவிட்டேன். கொசு மாதிரி கத்தியது. இரண்டாவதாக ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டேன். இரண்டு கொசு. நொடிக்கு ஒரு சுற்று முன்னே பின்னே இருந்ததால் சத்தம் பெரிதாகிச் சின்னதாகி அலைந்தது. உதவிப் பக்கங்களைப் படித்துக்கொண்டே போனதில்தான் ஒத்திசைப்பது என்ற வித்தை கிடைத்தது. இரண்டு ஆசிலேட்டர்களில் ஒன்று தன் சுற்றைப் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், மற்றது எங்கே இருந்தாலும், போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு அதுவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலாவது நம் காதுக்கு வராது. இரண்டாவதுதான் கேட்கும்.

எழுதி ஓடவிட்டபோது பேருந்து கூட்டேரிப்பட்டில் நின்றிருந்தது. காதுக்குள் ‘ஞீ’ என்று ஒரு மூக்குக் குரல். கொசு போய்விட்டது. தூரத்தில் யாரோ நாயனத்தைச் சுருதி பார்க்கிற மாதிரி இருந்தது. நான் என்னை மறந்து “ஐயோ!” என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற நடத்துநர் பதறித் திரும்பினார்.

“இன்னாம்மா, பர்சு எதனா போயிடுச்சா?”

“இல்லண்ணா. வந்துடுச்சு.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

பிறகு பிடித்தது சனி. கேட்கிற ஆசிலேட்டருக்கு ‘நாயனம்’ என்று பெயர் வைத்தேன். கேட்காமல் பக்கத்தில் கிடப்பதற்கு ‘ஒத்து’ என்று பெயர் வைத்தேன். நாயனம்தான் பெரியவர், ஒத்து அவருக்குப் பின்னால் போகிறவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒத்தை ஒரே சுரத்தில் நிறுத்திவிட்டு, நாயனத்துக்கு ஸரிகம எழுதிக் கொடுத்தேன். வந்தது என்ன? ஸ என்றாலும் அதே சுரம், ரி என்றாலும் அதே சுரம். குரல் மட்டும் மாறியது. ஸவுக்கு ‘ஆ’ என்றது, ரிக்கு ‘ஏ’ என்றது, கவுக்கு ‘ஈ’ என்றது. சுரம் மட்டும் இம்மி நகரவில்லை. எண்களை மாற்றினேன், அலையை மாற்றினேன், மடிக்கணினியை அணைத்துப் போட்டேன். பன்னிரண்டு நாள், போக வர, இதே பேஜாரு. அந்த மொழியை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரிந்திருந்தால் நேரில் போய்க் கேட்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், உரித்து மென்றுகொண்டிருந்தார். தாடைக்குப் பயிற்சியாகச் சூயிங்கம் மெல்லச் சொன்னார் மருத்துவர், இவர் அதை மல்லாட்டையாக மாற்றிக்கொண்டார்.

“இன்னா, காலையிலேருந்து அத திட்டிக்கினே இருக்கிற?”

“பின்ன இன்னாங்க? ஒத்து நாயனத்துக்குப் பின்னாடி வரவே மாட்டேங்குது.”

மெல்லுவதை நிறுத்தினார். “ஒத்து எதுக்குப் பின்னாடி வரணும்?”

“நாயனம் போற பக்கம் ஒத்து போவணும் இல்ல? ஒத்து ஊதறதுன்னா அதான?”

அவர் சிரித்தார். வலது பக்கம் சிரித்தது, இடது பக்கம் சிரிக்கப் பார்த்தது. மல்லாட்டை வாயிலிருந்து தெறித்து என் விசைப்பலகைமேல் விழுந்தது. நான்கு மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைக் கேலி செய்கிறார் என்ற கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

“நானு சின்னப் பையன்ல அஞ்சு வருசம் ஒத்து புடிச்சவன். சொல்றேன், கேட்டுக்க” என்றார். “ஒத்து எங்கயும் போவாது. நாயனந்தான் ஊரெல்லாம் சுத்திட்டு அதாண்ட வந்து சேரணும். நாயனக்காரரு நடுவுல நிறுத்துவாரு, தண்ணி குடிப்பாரு, வெத்தல போடுவாரு. ஒத்து நிறுத்தக்கூடாது. அது நின்னுச்சுன்னா நாயனத்துக்கு எங்க போயி நிக்கிறதுன்னே தெரியாது. இன்னமோ எங்கள அடியாளு மாதிரி பேசற!”

நான் திரையைப் பார்த்தேன். என் நிரல் பன்னிரண்டு நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. நாயனத்தை எங்கே ஓடவிட்டாலும், காதுக்குக் கேட்காத அந்த ஒத்து ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பிடித்து இழுத்துத் தன்னிடத்தில் நிறுத்திவிடுகிறது. அதனால்தான் சுரம் நகரவில்லை. நாயனத்துக்குக் கிடைத்தது குரலை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் மட்டும். ஆளுகிறது கேட்காததுதான். அப்படியானால் ஸரிகமவை நாயனத்துக்குக் கொடுக்கக் கூடாது, ஒத்துக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு பெயரை மட்டும் இடம் மாற்றி எழுதினேன். ஸ, ரி, க, ம, நாலும் நாலு சுரமாக வந்தன. பிழை நிரலில் இல்லை, என் வாயில் இருந்திருக்கிறது.

மறுநாள் அலுவலகத்தில் ஒருவரிடம் “ஒத்து ஊதா” வரைக்கும் வந்துவிட்டு விழுங்கினேன். “சும்மா ஆமாம் போடாதீங்க” என்று மாற்றிச் சொன்னேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் விசைப்பலகையில் வாசிக்க இவர் சம்மதிக்கவில்லை. இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, “இது டைப் அடிக்கிற மாதிரி இருக்குது” என்று தள்ளி வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். நாயனத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவதிலும், போகிற வழியில் அசைவதிலும்தான் உயிரே இருக்கிறது. பொத்தானில் அதற்கு இடமில்லை.

வழி கிடைத்தது அடுப்படியில். ஒரு நாள் காலை கேப்பைக்கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பைப் பிடித்திருந்த விரல்கள் நாயனத்தின் துளைகள்மேல் போவதுபோல் எழும்பி விழுந்துகொண்டிருந்தன. வாயை மூடியபடி முனகிக்கொண்டிருந்தார். முழு ராகம், அசைவு, வழுக்கல் எல்லாம் அந்த முனகலில் இருந்தது. உதட்டுக்குத்தானே வாதம், தொண்டைக்கு என்ன? ஒத்து இதோ இருக்கிறது, நான்தான் மடச்சி மாதிரி அதைக் கணினிக்குள் தேடிக்கொண்டிருக்கிறேன்! கூழ் அடிப்பிடிக்கும்வரை கதவோரம் நின்று கேட்டேன்.

டிக்கெட் மெஷினில் ‘பீப்’ அடிக்க ஒரு வில்லை வைத்திருப்போம். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் தகடு. மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து சத்தம் போடும். அதையே திருப்பிப் பயன்படுத்தினால், அதிர்வைக் கொடுத்தால் மின்சாரம் தரும். இனி ரிப்பேர் செய்ய முடியாது என்று ஒதுக்கிய மெஷின்கள் அலுவலகத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கிடந்தன. மேலாளரிடம் ஒன்று கேட்டேன். எதற்கு என்றார். வீட்டுக்காரர் கழுத்தில் ஒட்ட என்றேன். உண்மையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வில்லைக்குக் கம்பி பற்றவைத்து, இவர் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் பிளாஸ்திரியால் ஒட்டினேன். நிரலில் ‘ஒத்து’ என்று இருந்த இடத்தில் ஆசிலேட்டரை எடுத்துவிட்டு வில்லையிலிருந்து வரும் அதிர்வை வைத்தேன். இவர் தொண்டை ஒரு சுற்று அதிரும்போதெல்லாம் நாயனம் முதலிலிருந்து தொடங்கும். ஆண் குரல் கீழே, நாயனம் மேலே, அதனால் ஒன்றுக்கு இரண்டு சுற்று என்று ஒரு வரி சேர்த்தேன். “முனகுங்க” என்றேன். முனகினார். ஒலிபெருக்கியில் நாயனம் எழுந்தது.

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மூடித்தான் இருந்தது, இன்னும் இறுக்கிக்கொண்டார். “மறுபடி” என்றேன். இந்தத் தடவை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கால்மணி நேரம் போனார். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “உங்க வீட்டுக்காரருக்குச் சரியாயிடுச்சாம்மா?” என்று கேட்டார். “ஆயிடுச்சுக்கா” என்றேன். எனக்கு அது பொய்யாகவே படவில்லை.

நான் அதோடு விட்டிருக்கலாம். நான் விடுகிற ஆளா? அவர் குரல் அங்கங்கே சுரத்துக்கு அடியில் நின்றது. அதைச் சரிசெய்ய ஒரு வரி எழுதினேன். பேருந்துக் கட்டணத்தில் ஸ்டேஜ் என்று உண்டு. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் எங்கே இறங்கினாலும் அடுத்த ஸ்டேஜுக்குத்தான் டிக்கெட். அதே கணக்கை இங்கே போட்டேன். குரல் நடுவில் எங்கே நின்றாலும் பக்கத்துச் சுரத்துக்குத் தள்ளிவிடும். கேட்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. இவர் இரண்டு நிமிஷம் முனகிவிட்டுப் பிளாஸ்திரியைப் பிய்த்தார்.

“இதுல இன்னா பண்ணி வச்சிருக்கிற? நானு போறதுக்கு முன்னாடி அது என்ன இஸ்துக்கினு போவுது.”

“சுருதி கொஞ்சம் கம்மியா இருந்துச்சுங்க. அதான் சரிபண்ணேன்.”

“ரெண்டு ஸ்டாப்பிங்குக்கு நடுவுல ஆள எறங்கவே உட மாட்டியா நீ? எனக்கு வேலையே நடுவுலதான்!”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் உழைப்புக்கு இதுதானா என்று கத்தினேன். கச்சேரிக்காரர்களுக்கு நன்றியே கிடையாது என்றேன். அவர் மூன்று நாள் முனகவில்லை, கூழ் கிண்டும்போதுகூட. நாலாம் நாள் பேருந்தில் உட்கார்ந்து யோசித்தேன். ஒத்துதான் ஆளுகிறது என்று கற்றுக்கொண்டதாகப் பெருமையடித்துக்கொண்டவள், ஒத்தின் கையிலிருந்து அதிகாரத்தைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அந்த வரியை அழித்தேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பாதுகாப்பு மட்டும் வைத்துக்கொண்டேன். ஏதாவது எக்குத்தப்பாகப் போனால், விசைப்பலகையின் அடியில் இருக்கும் நீளப் பொத்தானைத் தட்டினால் சத்தம் உடனே நின்றுவிடும்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் செட்டின் தவில்காரர் ஒத்திகைக்கு வந்தார். இவருக்கு மாமன் மகன், எனக்கு அண்ணன் முறை. கூடத்தில் உட்கார்ந்து தவிலில் ஒரு தட்டு தட்டினார். நாயனம் குக்கர் விசில் மாதிரி அலறியது. தவிலின் அதிர்ச்சியும் வில்லையில் ஏறியிருக்கிறது. வில்லைக்கு மேல் நாலு மடிப்புப் பஞ்சும் துண்டும் வைத்துக் கட்டி, முனகலைவிடச் சின்ன அதிர்வை எல்லாம் விட்டுவிடும்படி ஒரு வரி எழுதி, அவரைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, ஒரு வழியாக அடக்கினேன். அவருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

“தங்கச்சி, எதுக்கும் பாண்டிச்சேரி பக்கத்துலேருந்து ஒருத்தரச் சொல்லி வைக்கட்டா? வந்து சும்மா உக்காந்திருக்கட்டும். கெட்டிமேளத்துல நின்னுச்சுன்னா மானம் போயிடும்மா.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

“வேணாண்ணா. நிக்காது” என்றேன்.

மயிலம் மலையில் தை மாத முகூர்த்த நாள் என்றால் ஒரே காலையில் ஏகப்பட்ட கல்யாணம். பனி விலகாத நேரத்திலேயே நான்கு பக்கமும் மேளம். எங்கள் மண்டபத்தில் இரண்டு ஒலிபெருக்கி வைத்து, மணமேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தோம். தாய்மாமன் சடங்கை முடித்துவிட்டு இவர் வந்தார். பட்டு அங்கவஸ்திரத்தைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு வில்லையையும் கம்பியையும் மறைத்துவிட்டேன். நாயனத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், பார்க்க நன்றாயிருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். “ஊதாத நாயனத்த வாயில வச்சிக்கினு ஊர ஏமாத்தச் சொல்றியா?” என்று மறுத்துவிட்டார். இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல்கள் வேட்டிமேல் தயாராக இருந்தன.

“நாயனம் எங்கப்பா?” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். இவர் சிரித்துவிட்டு முனகத் தொடங்கினார். பெரியவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மடிக்கணினியோடு பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. அவர் முனகல் வழுக்கினால் நாயனம் வழுக்கியது. அவர் அசைத்தால் அசைந்தது. தவில்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் திமிராகவே இருந்தது.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று ஐயர் கையை ஆட்டினார். தவில் இடித்தது. இவர் குரலை மேலே ஏற்றினார். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனியும்போது, குனிந்த தலையோடு இருக்க வேண்டிய பெண் நிமிர்ந்து நேராகத் தன் மாமனைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள்.

இவர் தொண்டை உடைந்துவிட்டது.

உடைந்ததெல்லாம் அப்படியே வெளியே வந்தது. அந்தச் சுத்தம் செய்கிற வரி இருந்திருந்தால் எல்லாவற்றையும் பக்கத்துச் சுரத்தில் தள்ளி மறைத்திருக்கும். அது இல்லை. அவர் விம்ம, நாயனம் விம்மியது. அவருக்கு மூச்சு தடுக்க, நாயனம் தடுக்கியது. மேல் சுரத்திலிருந்து சறுக்கி, நடுவில் எங்கோ நடுங்கி, அறுந்து அறுந்து, இரண்டு ஒலிபெருக்கியிலும் மண்டபம் முழுக்க. என் விரல் நீளப் பொத்தான்மேல் போய்விட்டது. தட்டினால் தவில் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கெட்டிமேளத்தில் தவிலைத்தானே எல்லாரும் கேட்பார்கள், அவர் மானம் தப்பிக்கும். அவரைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் விரல்கள் நிற்கவில்லை. அழுதுகொண்டே முனகிக்கொண்டிருந்தார். நான் விரலை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் நாயனம் தட்டுத்தடுமாறி மேலே ஏறி அந்தச் சுரத்தைப் பிடித்து நின்றது. அட்சதை விழுந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் ஏன் என்று தெரியாமலே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் இருந்த பெரியவர் தவில்காரரிடம், “எத்தினியோ கெட்டிமேளம் கேட்டிருக்கேன், நாயனம் அழுது இன்னிக்குத்தான்பா கேட்டேன்” என்றார். தவில்காரர் தவிலுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

பந்தி முடிந்த பிறகு மண்டபத்தின் பின்பக்கம் படியில் உட்கார்ந்து இவர் கழுத்திலிருந்து பிளாஸ்திரியை மெதுவாக உரித்தேன். தொண்டையில் வட்டமாகச் சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“நானு ஒடைஞ்சிப் போனப்ப நீ பட்டன் மேல கைய வச்ச. ஓரக்கண்ணால பாத்தேன். ஏன் நிறுத்தல?”

“நீங்க நிறுத்தலியே” என்றேன். “ஒத்து நிக்காதப்ப நாயனத்த நிறுத்த நான் யாருங்க?”